தவணை என்னும் சொல்லுக்குச் சட்டம் கூறும் பொருள்

 

நம் சங்கம் 25 ஆண்டுகளாக நம் மக்களுக்குக் கல்வி புகட்டி வருகிறது. கைநாட்டு வைத்த தலைமுறையின் பிள்ளைகள் இன்று கையெழுத்திடுகின்றனர். எதன்கீழ்க் கையெழுத்திடுகிறோம் என்பதையும் அறிந்தாலன்றோ அக்கல்வி நிறைவுறும்? ஆகவே 'தவணை' என்னும் ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகிறேன்.

தையல் எந்திரத்தையோ ஆட்டோவையோ தவணையில் எடுத்து வந்த அன்றே 'இது என் பொருள்' என்கிறோம். சட்டம் அவ்வாறு கூறுமா? அது நாம் ஒப்பமிட்ட பத்திரத்தைப் பொறுத்தது.

தவணை விற்பனை எனில், ஒப்பந்தம் வேறுவிதமாகக் கூறாதவரை, பொருள் தொடக்கத்திலேயே நமதாகிறது. மீதித்தொகை வெறும் கடன். வாடகைக் கொள்முதல் எனில், இறுதித் தவணை செலுத்திப் பொருளை வாங்கிக்கொள்ளும்வரை நிறுவனமே உரிமையாளர். நாம் வாடகைதாரர் மட்டுமே. வங்கிக் கடனில் வாங்கிய வண்டியோ நமக்கே உரியது. ஆயினும் கடன் தீரும்வரை அது வங்கிக்கு ஈடாக நிற்கும்.

இவ்வேறுபாடு சொல்விளையாட்டன்று. இங்கிலாந்தில் ஒருவர் பியானோ ஒன்றை மாதத் தவணையில் எடுத்து, தவணை முடியுமுன் அடகு வைத்துவிட்டார். ஒப்பந்தப்படி அவர் அதனைத் திருப்பித் தந்து விலகியிருக்கலாம்; வாங்கியே தீரவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே அவர் வாங்குபவரல்லர், பியானோ முதல் உரிமையாளருக்கே உரியது என 1895இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. அடகு பிடித்தவர் அதனை இழந்தார்.

நம் நாட்டில் 1972இல் வாடகைக் கொள்முதல் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அது நடைமுறைக்கு வராமலே 2005இல் நீக்கப்பட்டது. எனவே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமும், நாம் ஒப்பமிடும் பத்திரமுமே பெரிதும் நம்மை ஆளுகின்றன. படிக்காமல் ஒப்பமிடுவது எத்துணைக் கேடு என்பதை இதனால் உணரலாம்.

தவணை தவறினால் நாம் உரிமையற்றவர் ஆகிவிடுவதில்லை. பத்திரத்தில் எவ்வளவு பெரிய தண்டத்தொகை எழுதியிருப்பினும், நியாயமான இழப்பீட்டையே நீதிமன்றம் வழங்கும் என்கிறது ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. அடியாட்களை ஏவி வண்டியைப் பறித்தலாகாது; சட்டவழியே நாடவேண்டும் என 2007இல் உச்சநீதிமன்றம் வங்கிகளை எச்சரித்தது. வழக்கு வந்துவிட்டால், தக்க காரணங்காட்டித் தொகையைத் தவணைகளாகச் செலுத்த அனுமதி கேட்கலாம். அதனைத் தீர்ப்புக்கு முன்பே கேட்கவேண்டும். பின்னர்க் கேட்டால் கடன் கொடுத்தவரின் இசைவும் தேவைப்படும்.

ஒன்றை மறவாதீர். பணத்தைத் தவணையாகத் திருப்பலாம். மனிதரை ஈடாக வைத்தல் கூடாது. முன்பணம் தந்து உழைப்பைக் கட்டிப்போடும் கொத்தடிமை முறையை 1976ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அத்தகைய கடனைச் செலுத்தும் கடமையையும் அது நீக்கியது.

இளைஞர்களே! உங்கள் தெருவில் எவரேனும் தவணைப் பத்திரத்தில் ஒப்பமிடச் சென்றால் உடன் செல்லுங்கள். இறுதித் தவணைவரை உரிமையாளர் யார்? மொத்தம் எவ்வளவு கட்டவேண்டும்? தவறினால் என்ன ஆகும்? இம்மூன்றையும் கேட்டறிந்து, படி ஒன்றையும் வாங்கி வையுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் இரசீது பெறச் சொல்லுங்கள். வண்டியாயின், கடன் தீர்ந்ததும் தடையில்லாச் சான்று பெற்று, பதிவுச் சான்றிலுள்ள நிதி நிறுவனத்தின் பெயரை நீக்கச் செய்யுங்கள். நீங்கள் கற்ற கல்வி உங்கள் தெருவுக்கு அரணாகட்டும்.