நீலமணியும் திருவிளக்கின் ஒளியும்



பாண்டியன் மகனுக்கு முடி செய்தற்குரிய மணிகள் களவுபோய், அமைச்சர்கள் கலங்கி நின்ற காலத்தில், சோமசுந்தரப் பெருமான் இரத்தின வணிகராக எழுந்தருளி நவமணிகளை நல்கிய திருவிளையாடல் யாவரும் அறிந்ததே. பெருமான் மணிகளைக் கொடுத்ததோடு அமைந்தாரல்லர். அவற்றின் இயல்பையும் விரித்துரைத்தார். திருவாபரணத் திருப்பணிக்கு மணி வழங்கும் அன்பர்களும் அதன் இயல்பை அறிந்து வழங்குதல் நலம். நவமணிகளுள் இவ்வறிவு மிகுதியும் வேண்டப்படுவது நீலத்திற்கேயாம்.

ஓர் அன்பர் அம்பாளின் பதக்கத்திற்கென ஐந்து காரட் எடையுள்ள நீலம் ஒன்றை வாங்குகின்றார் எனக் கொள்க. கடையில் வெண்ணிற விளக்குகளின் கீழ் அது மயிற்கழுத்தைப்போல் சுடர்விட்டது. கும்பாபிஷேகம் இனிது நிறைவேறியபின், கருவறையில் நெய்விளக்கின் ஒளியில் அதனைக் காண்கின்றார். அருகிலுள்ள மாணிக்கங்கள் தழல்போல் விளங்குகின்றன. தாம் அளித்த நீலமோ மைத்துளிபோல் கறுத்துக் கிடக்கின்றது. அன்பரின் உள்ளம் வாடுகின்றது. வணிகர் வஞ்சித்தாரோ என ஐயுறுகின்றார். அம்பாள் ஏற்றுக்கொள்ளவில்லையோ என்றும் அஞ்சுகின்றார். நீலத்தைப் பற்றி இத்தகைய அச்சம் நம் நாட்டில் மிகுதி. சனி பகவானோடு அதனை இயைத்து, தலையணையின்கீழ் வைத்துக் கனவு பார்ப்போரும் உளர். அவ்வாராய்ச்சி இவ்வுரைக்குப் புறம்பானது. இங்கே கல்லும் மாறவில்லை. வணிகரும் பொய் கூறியிருக்க வேண்டுவதில்லை. மாறியது ஒளி ஒன்றே.

நீலமும் மாணிக்கமும் ஓரினக் கற்கள். இரண்டும் குருந்தம் என்னும் கனிப்பொருளே. மேனாட்டார் அதற்கு வழங்கும் 'கொரண்டம்' என்ற பெயரும் இத்தமிழ்ச் சொல்லினின்றே பிறந்தது என்பர். தூய குருந்தம் நிறமற்றது. சிறிதளவு குரோமியம் கலப்பின் சிவந்து மாணிக்கமாகின்றது. இரும்பும் டைட்டேனியமும் கலப்பின் நீலமாகின்றது. நீலமணி தானே ஒளி வீசுவதன்று. தன்மேல் விழும் ஒளியில் மஞ்சளையும் சிவப்பையும் பெரிதும் விழுங்கி, நீலத்தை மட்டும் திருப்பித் தருவது அது. வருகின்ற ஒளியிலேயே நீலக்கூறு இல்லையெனின், அது எதனைத் திருப்பித் தரும்?

ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்னும் அளவால் குறிப்பர். எண் குறையுந்தோறும் ஒளி மஞ்சளித்துச் சிவக்கும், நீலக்கூறு அருகும். நண்பகல் ஒளி ஏறத்தாழ 5500. பழைய இழைவிளக்கு 2700 அளவு. எண்ணெய்த் திரியின் சுடரோ 1900 அளவே. ஆகவே கருவறை விளக்கு மாணிக்கத்திற்குத் தாய்வீடு, நீலத்திற்கு அயலூர். இக்காலத்து வெண்ணிற எல்.இ.டி. விளக்குகளில் நீலக்கூறு தனியே மிகுந்திருத்தலின், கடையில் சுமாரான நீலமும் சிறந்ததாகத் தோற்றும்.

இனிப் பட்டை தீட்டும் முறையைக் காண்போம். மணியின் மேற்புறத்தால் புகுந்த ஒளி அடிப்புறத்துப் பட்டைகளில் மோதித் திரும்பிக் கண்ணை அடைதல் வேண்டும். குருந்தத்தில் அப்பட்டையின் செங்குத்துக் கோட்டிற்கு 35 பாகைக்கு மேற்பட்ட சாய்வில் மோதும் ஒளியே முழுதும் திரும்பும். வைரத்திற்கு 24½ பாகையே போதும். வைரத்தைப்போல் நீலம் எளிதில் ஒளியைப் பிடித்து வைப்பதில்லை என்பது இதனாற் போதரும். அடிப்புறம் தட்டையாக அமைந்துவிடின் ஒளி கீழே ஒழுகிப்போம். கல்லின் நடுவே சாளரம் திறந்தாற்போல் வெளிறித் தோன்றும். அச்சாளரத்தின் வழியே பின்னாலுள்ள பொருள் தெரியும். கருங்கல் திருமேனியின்மேல் சாத்தும் பதக்கத்தில் இதன் விளைவு யாது? பின்னாலிருந்து ஒளி வருதற்கு இடமில்லை, கருமையே தெரியும். அடிப்புறம் மிகத் தடித்துவிடினும் ஒளி நெடுவழி சென்று மடிந்து, இருட்திட்டுக்கள் விழும். எடை குறையலாகாதே என்று அடிப்புறத்தைப் பானை வயிறுபோல் விட்டுவைப்பது பழைய சாணைக்காரர் வழக்கம். கொடுக்கும் பணம் காரட் கணக்கிலே. காரட் ஒன்றுக்கு 200 மில்லிகிராம். அவ்வயிற்றின் எடைக்கும் விலை கொடுத்தே தீரவேண்டும்!

இலங்கை இரத்தினபுரியின் சாணைக்காரர் அறிந்த நுட்பம் ஒன்று உண்டு. நீலக்கல்லில் நிறம் எங்கும் ஒருபடித்தாய்ப் பரவியிருப்பதில்லை. ஒரு மூலையில் திரண்டு, மற்றை இடம் வெளிறியிருத்தலும் உண்டு. அத்திரட்சி அடிநுனியில் அமையுமாறு தீட்டினால், மேலிருந்து நோக்குவார்க்குக் கல் முழுதும் நீலமாகவே தோன்றும். பக்கவாட்டில் திருப்பினால்தான் உண்மை விளங்கும். இதனை வஞ்சகம் என்பதைவிடக் கைத்திறன் என்பதே முறை. அன்றியும் நீலம் ஒரு திசையில் ஊதா கலந்த நீலமாகவும், குறுக்கே நோக்கின் சற்றே பச்சை கலந்த நீலமாகவும் தோன்றும் இயல்பினது. முன்னைய திசை மேல்நோக்கி அமையத் தீட்டுவதே சிறப்பு.

பழைய திருவாபரணங்களில் மணிகளைப் பெரும்பாலும் பட்டையின்றிக் குமிழ் வடிவாக வழவழப்பாக்கி, பின்புறத்தைப் பொன்னால் மூடி, உள்ளே பளபளப்பான மெல்லிய தகடு வைத்துக் கட்டியிருப்பதைக் காணலாம். பட்டை தீட்டத் தெரியாமையே காரணம் என்று சிலர் இகழ்வர். மங்கிய விளக்கொளியில், பின்னே ஒளி புகாத இடத்தில் அணியும் அணிக்கு இதனினும் ஏற்ற முறை வேறில்லை. தப்பிச் செல்லும் ஒளியைத் தகடு திருப்பி அனுப்புகின்றது. பழுது பார்க்கும்போது இவற்றைப் பிரித்துப் பின்புறம் திறந்து கட்டுவது பிழை. மூடிய கட்டுக்குள் ஈரம் புகுந்தால் தகடு கறுத்துவிடும். ஆதலின் அவ்வணிகளை நீரில் ஊறவைத்தல் ஆகாது. திறந்து கட்டிய கல்லாயின் அடிப்பட்டைகளில் எண்ணெய்ப்பசை படியாமல் காத்தல் வேண்டும். பசை படிந்த இடத்தில் ஒளி திரும்பாமல் கசிந்துவிடும்.

விளக்கொளியையே விரும்பும் நீலமும் ஒன்று உண்டு. கல்லினுள்ளே பட்டிழைபோன்ற நுண்ணூசிகள் நிறைந்திருப்பின், அதனைக் குமிழாகத் தீட்டிய அளவில் ஆறு கதிர் விண்மீன் ஒன்று மேலே தோன்றும். நியூயார்க்கு நகரத்து இயற்கைவரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள 563 காரட் விண்மீன் நீலம் இலங்கையிற் கிடைத்தது. மேகமூட்டத்திலும் குழல்விளக்கிலும் இவ்விண்மீன் மங்கும். ஒற்றைச் சுடரின் முன்னரே தெளியும். தீபாராதனையில் சுடர் வலம் வரும்போது, விண்மீனும் கல்லின்மேல் உடன் நகரும்.

ஏனைய நீலங்களை வாங்குவோர் நண்பகலில் சாளரத்தருகே ஒருமுறையும், அகல்விளக்கின் முன் ஒருமுறையும் பார்த்தல் வேண்டும். மூலவர்க்கெனின் கருநீலம் வேண்டா; சற்று இளநீலமே விளக்கொளியில் நீலமாக நிற்கும். முன்னர்க் கூறிய அன்பரின் கல்லுக்கும் வழியுண்டு. வயிறு தடித்த கல்லாயின், எடையிற் சிறிது இழந்தாலும் மறுபடி தீட்டலாம். சாளரம் திறந்த கல்லாயின் பின்னே தகடு வைத்து மூடிக் கட்டலாம். நிறமே கருகியதாயின், அதனை உற்சவர் பதக்கத்திற்கு மாற்றிப் பகற்பொழுதுப் புறப்பாட்டில் சாத்தலாம். கோபுர வாயிலைக் கடந்து வெயிலில் எழுந்தருளும்போது, கடையிற் கண்ட அதே நீலத்தை அன்பர் மீண்டும் காண்பார்.