துருத்தியும் குழலும்



துருத்தி என்னும் சொல்லுக்குக் காவிரி நாட்டில் இரு பொருள் உண்டு. ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்கும் நிலம் ஒன்று; திருப்பூந்துருத்தி அவ்வாறு பெயர் பெற்றது; குத்தாலத்தின் பழம்பெயரும் திருத்துருத்தியே. மற்றொன்று காற்றடைத்த தோற்பை. கொல்லன் உலையில் அது நெருப்பை வளர்த்தது. ஆடலரங்கில் இசையைத் தாங்கியது.

ஆட்டுத் தோலைப் பையாகத் தைத்து, ஒருபுறம் ஊதுகுழலும் மறுபுறம் நாக்கு வைத்த ஒலிக்குழலும் செருகுவர். துளைகளை மெழுகால் அடைத்து ஒலியைச் சரிசெய்வர். ஊதுவோன் மூச்சு வாங்கும் பொழுதும் அக்குளில் இடுக்கிய பை அழுந்துவதால் ஒத்து அறாது நிற்கும். இசுக்காட்லாந்து நாட்டார் பெருமையோடு போற்றும் பைக்குழலுக்கு இஃது உறவு. அவர்கள் அதனைப் படைக்கு முன்னே நடத்தினர். நம்மவர் ஆடல் மகளுக்குப் பின்னே நிறுத்தினர். பெரிய மேளத்துக்கு நாகசுரமும் தவிலும். சின்ன மேளத்துக்கு முகவீணையும் மத்தளமும் இத்துருத்தியும். தஞ்சை நால்வரை அறியாதார் யார்? அவர்தம் அரங்கில் துருத்தி ஊதியவன் பெயர் எவருக்கு நினைவிருக்கிறது?

1947இல் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுத்துச் சட்டம் வந்தது. பெண்ணை இழிவுபடுத்திய வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால், அரங்கின் பின்னே நின்றவன் என்ன உண்பான் என எண்ணினார் சிலரே. துருத்தியின் இடத்தைச் சுதிப்பெட்டி பிடித்தது.

அம்மரபில் எஞ்சிய காற்றிசை ஒன்று கடல் கடந்தது. தஞ்சை அரசவையில் பாடி ஆடிய பாப்பம்மாள் வழியில், வீணை தனம்மாளின் பெயரராக, 1927இல் பிறந்தவர் குழலிசைஞர் விசுவநாதன். ஆடற்பேரரசி பாலசரசுவதியின் இளவல். அவருக்குக் குழல் கற்பித்தவர் திருப்பாம்புரம் சாமிநாதர். நாகசுரக் குடியில் தோன்றியவர். இசை மறைந்துபோன முத்துத்தாண்டவர் பாடல்களுக்கு மீண்டும் இசை தந்தவர். வயற்காட்டு ஊராகிய திருப்பாம்புரத்தின் மூச்சு அம்மாணவர் குழலில் புகுந்தது.

1958இல் உதவித்தொகை பெற்று இலாசு ஏஞ்சலிசு நகரின் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் சென்றார். திரும்பிவந்து 1961 முதல் சென்னைப் பல்கலைக்கழக இசைத்துறைக்குத் தலைமை தாங்கினார். ஆயினும் 1965க்குப் பின் அயல்நாடே அவருக்கு வாழிடமாயிற்று. அவர் தமையன் மத்தளக் கலைஞர் இரங்கநாதன் 1963இலேயே வெசுலியன் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகியிருந்தார். 1975இல் விசுவநாதனும் அங்கேயே முனைவர் பட்டம் பெற்று ஆசிரியரானார். சென்னை மியூசிக் அகாதெமி 1988இல் தன் வடசொற் பட்டத்தை அளித்தது. 1992இல் அமெரிக்க அரசு அவரைத் தன் நாட்டு மரபுக் கலைஞருள் ஒருவராக மதித்து விருது தந்தது. நம் மரபு அவர்களுக்கு மரபாயிற்று!

அவர் செய்த ஒன்றைத் தமிழன்பர் கருத வேண்டும். குழல் சொல் அறியாக் கருவி. அதனால் அவர் ஊதிக்கொண்டே இருந்துவிடுவதில்லை. குழலை இறக்கிப் பாடலின் அடியைப் பாடுவார். மீண்டும் குழலெடுத்து அவ்வடியையே ஊதுவார். அசை எங்கே நீள்கிறது, எங்கே குறுகுகிறது என்பது மூச்சில் விளங்கும். பொருளறியாது வாயசைக்கும் பாடகர் மலிந்த நம் மேடையில் இது அரிது. தமக்கை ஆடும்போது சொல்லுக்கு முகம் பொருள் காட்டியதைப் பார்த்தே வளர்ந்தவர்க்கு இஃது இயல்பாயிருக்கலாம்.

அவ்வுடன்பிறந்தாரிடம் பயின்ற அமெரிக்கர் சான் இக்கின்சு திருவையாற்றுக்கே வந்து பாடினார். 1984இல் அவர் தம் நாட்டில் ஊர்தி மோதி மாண்டார். பாலசரசுவதி மறைந்ததும் அவ்வாண்டே. 1987இல் இரங்கநாதன், 2002 செபுதம்பரில் விசுவநாதன். தென்னாட்டு இசை பற்றி அவர் மாணவர் ஒருவருடன் இணைந்தெழுதிய நூல் 2004இல் வெளிவந்தது, ஆங்கிலத்தில்.