மூன்று படிகள்



மறுவாழ்வு மையத்தில் ஐந்து மாதம் இருந்துவிட்டு நான் ஊர் திரும்பிய அன்று, எங்கள் வீட்டு வாசலில் மூன்று படிகள் இருந்தன. இருபத்தாறு வருஷமாக ஏறி இறங்கிய படிகள்தான். ஒருநாளும் எண்ணியதில்லை. அன்றைக்கு ஆட்டோவில் உட்கார்ந்தபடியே எண்ணினேன். சித்தப்பாவும் பக்கத்து வீட்டு அண்ணனும் சக்கர நாற்காலியோடு தூக்கி என்னை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள். இனி இந்த இரண்டு பேரும் வந்தால்தான் நான் தெருவைப் பார்க்க முடியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

நான் தென்னை மரத்திலிருந்து விழுந்தவன். மையத்தில் என்னோடு இருந்தவர்களில் பனை ஏறி விழுந்தவர் உண்டு, கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தவர் உண்டு, பைக்கில் அடிபட்டவர்கள் உண்டு. நொறுங்கிய முதுகெலும்பைத் தகடும் திருகும் வைத்து நிமிர்த்திவிடுகிறார்கள். அதற்குள் ஓடும் தண்டுவடம் நசுங்கிப்போனால், அதைப் பழையபடி ஆக்கும் மருத்துவம் இன்னும் வரவில்லை. எனக்கு இடுப்புக்குக் கீழே அசைவும் போனது, தொட்டால் தெரிகிற உணர்வும் போனது.

ஊரில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். “எப்பய்யா நடப்பே?” கால்தான் அவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. மூத்திரப்பையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு உயிர்ப் பிரச்சினையே அதுதான். வானொலியில் இதைப் பேசலாமா என்று கூச்சப்பட வேண்டாம். கூச்சப்பட்டே சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும்.

பை நிறைந்தது எனக்குத் தெரியாது. ஆகவே கடிகாரம் பார்த்துத்தான் போக வேண்டும். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, அதிகம் போனால் ஆறு மணி நேரம். சோப்புப் போட்டுக் கைகழுவி, மெல்லிய டியூபை உள்ளே செலுத்தி, சிறுநீரை முழுதாக வடித்துவிட்டு எடுத்துவிட வேண்டும். கல்யாண வீட்டில் இடம் இருக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் போகிறவர்கள் உண்டு. அதுதான் தொற்றுக்கு வழி. காய்ச்சலும் குளிருமாக ஆஸ்பத்திரியில் கிடந்த பிறகுதான் எனக்கும் அந்தப் புத்தி வந்தது.

கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்கள் வீட்டில் இருந்தால் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். திடீரென்று மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவந்து வியர்வை என்று வந்தால் படுக்க வைக்காதீர்கள். நிமிர்த்தி உட்கார வையுங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிறைந்திருக்கிறதா, இறுக்கமாக ஏதாவது கட்டியிருக்கிறதா என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். ரத்த அழுத்தம் எகிறியிருக்கும். அடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

அடுத்தது தோல். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம், அம்மா கொடுத்த காப்பி டம்ளரைத் தொடைமேல் வைத்துக்கொண்டு டி.வி. பார்த்தேன். சூடு தெரியவில்லை. ராத்திரி வேட்டி மாற்றும்போது பார்த்தால், டம்ளரின் அடிப்பாகம் அளவுக்கு வட்டமாகக் கொப்புளம். ஆற இரண்டு மாதம் ஆனது. அன்றிலிருந்து மடியில் ஒரு மரப்பலகை, அதன்மேல்தான் டம்ளர். ஒரே இடத்தில் அழுந்தி உட்கார்ந்தாலும் இப்படித்தான், ரத்தம் ஓடாமல் புண் வந்துவிடும். கால்மணிக்கொரு தடவை இரண்டு கையையும் ஊன்றி உடம்பைத் தூக்குவேன், அல்லது பக்கவாட்டில் சாய்வேன். காலையும் ராத்திரியும் கைக்கண்ணாடி பிடித்துப் பின்பக்கம் சிவந்திருக்கிறதா என்று பார்க்கிறேன். முகம் பார்க்கிற நேரத்தைவிட அதற்குத்தான் அதிக நேரம்.

படிக்கு வருகிறேன். கொத்தனார் அரைநாளில் ஒரு சாய்வு போட்டுக் கொடுத்தார். பார்க்க அழகாக இருந்தது, சறுக்குமரம் மாதிரி. தனியாக ஏறினால் நாற்காலி பின்னால் கவிழ்ந்துவிடும். கணக்கு இதுதான்: ஒரு அங்குல உயரத்துக்கு ஒரு அடி நீளம். எங்கள் மூன்று படியும் சேர்ந்து பதினெட்டு அங்குலம். பதினெட்டு அடி நீளம் வேண்டும். வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவே இருந்ததோ எட்டே அடி. கடைசியில் பக்கவாட்டு முற்றத்தில் முருங்கை மரத்தைச் சுற்றித் திருப்பிக் கொண்டுவந்தோம். குளியலறைக் கதவையும் பெயர்த்து அகலமாக்கினோம். செலவுக்கு அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. எனக்குச் செய்த ஆபரேஷனுக்கு அடுத்தபடியாக, அந்தச் சிமெண்டுதான் எனக்குப் பெரிய வைத்தியம்.

சாய்வுதளம் வந்த பிறகும் ஒரு தடை பாக்கி இருந்தது. அது அன்பு. மையத்தில் நானே வேட்டி கட்டப் பழகியிருந்தேன். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு நானே மாறுவேன். வீட்டில் வேட்டிக்குக் கை நீட்டுவதற்குள் அம்மா கட்டிவிடுவாள். எனக்கு இருபது நிமிஷம் ஆகும், அவளுக்கு இரண்டு நிமிஷம். பார்த்துக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை. “நான் இருக்கும்போது நீ ஏன்டா சிரமப்படறே?” என்பாள். மூன்று மாதத்தில் என் கைகளின் பலம் குறைந்துவிட்டது. ஒருநாள் கோபப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு நானே கட்டினேன். வெளியே அவள் அழுதது கேட்டது. அந்த இருபது நிமிஷமும் எனக்கு வேண்டியிருந்தது. இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் தாய்மார்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன், அந்த இருபது நிமிஷத்தை உங்கள் பிள்ளைக்குக் கொடுங்கள்.

எங்களுக்கு முன்மாதிரியாகச் சிலரைச் சொல்வார்கள். வேலூரில் டாக்டர் மேரி வர்கீஸ் என்று ஒருவர் இருந்தார். 1954-ல் கார் விபத்தில் தண்டுவடம் போனது. அதன்பிறகு சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வெளிநாடு போய் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்தார். 1966-ல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதற்கு அவரே மூலகாரணம். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். பெரிய மனிதர்கள், கும்பிட வேண்டியவர்கள். ஆனால் அவர்களைக் காட்டி “நீயும் சாதிக்கலாமே” என்று யாராவது சொன்னால் எனக்கு மனசு வலிக்கும். சாதிக்காவிட்டாலும் ஒருவன் கடைத்தெருவுக்குப் போய் டீ குடிக்க வேண்டாமா? அதற்கு ரோடும் பஸ்ஸும் கடைவாசலும் இடம் கொடுக்க வேண்டாமா?

போன வாரம் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார். மகன் பனையிலிருந்து விழுந்தவன். அடுத்த திங்கட்கிழமை டிஸ்சார்ஜ். “தம்பி, பய நடப்பானா?” என்று கேட்டார். மருத்துவர் சொன்னதையே மெதுவாக நானும் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கேட்டேன், “அய்யா, உங்க வீட்டு வாசல்ல எத்தனை படி?”

எழுந்து போய் எண்ணிவிட்டு வந்து சொன்னார், “ரெண்டுப்பா.”

டேப்பை எடுத்துக்கொண்டு நாளைக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். திங்கட்கிழமைக்குள் சிமெண்டு காய வேண்டும்.