படத்தில் இருப்பது யார்?

(படிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை)



ஒரு நகரத்தின் சரித்திரத்தை அரசர்களின் சிலைகள் மட்டும் சொல்வதில்லை. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களும் சொல்லும். பாரிஸ் நகரத்துப் படங்கள் சிலவற்றைப் பற்றி இன்று பேசுகிறேன்.

முதல் படம் 1838-ல் எடுத்தது. தாகேர் என்பவர் தம் வீட்டு ஜன்னலிலிருந்து ஒரு பெரிய வீதியைப் படம் பிடித்தார். வண்டிகளும் ஜனங்களும் நிறைந்த வீதி. ஆனால் படத்தில் அது காலியாகக் கிடக்கிறது! காரணம், அந்நாளில் ஒரு படம் பதியப் பல நிமிஷங்கள் பிடிக்கும். நடந்து போனவர்கள் பதியவில்லை. அசையாமல் நின்ற ஒருவர் பதிந்தார். ஏன் நின்றார்? அவருடைய பூட்ஸுக்கு ஒரு தொழிலாளி பாலிஷ் போட்டுக் கொண்டிருந்தார். வேலை வாங்கியவர் துலக்கமாகத் தெரிகிறார். குனிந்து வேலை செய்தவர் மங்கலாகத்தான் தெரிகிறார்.

அடுத்தது 1871. மார்ச் 18-ந் தேதி பாரிஸ் தொழிலாளிகள் எழுந்தனர். 72 நாட்கள் நகரம் அவர்கள் கையில் இருந்தது. அதுவே பாரிஸ் கம்யூன். மே 16-ல், நெப்போலியன் சிலையைத் தாங்கி நின்ற வாந்தோம் தூணைச் சாய்த்தனர். பிராக்கே என்ற காது கேளாத புகைப்படக்காரர் எடுத்த படங்களில், விழுந்த சிலையருகே சாமானிய ஜனங்கள் நிமிர்ந்து நிற்கிறார்கள். 33 ஆண்டுகளுக்கு முன் மங்கலாகத் தெரிந்தவர்கள் படத்தின் நடுவுக்கு வந்துவிட்டார்கள்!

மே கடைசியில் சர்க்கார் படை நகரத்துக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. கம்யூன் காலத்துப் படங்களை வைத்தே போலீஸ் ஆட்களை அடையாளம் கண்டு பிடித்தது.

ஆப்பேர் என்ற புகைப்படக்காரர் இன்னொரு வேலை செய்தார். நடிகர்களை நிறுத்திப் படமெடுத்தார். சிறையில் தாம் எடுத்திருந்த கைதிகளின் முகங்களை வெட்டி அதில் ஒட்டினார். ‘கம்யூனின் குற்றங்கள்’ என்று பெயரிட்டு விற்றார். படம் பொய் சொல்லாது என்று யார் சொன்னது?

ஆகவே தோழர்களே, எந்தப் படத்தைக் கண்டாலும் மூன்று கேள்வி கேளுங்கள். எடுத்தவர் யார்? யாருக்காக எடுத்தார்? உள்ளே இருப்பவர்கள் யார்?

உங்கள் ஆலையின் பழைய படம் ஒன்று கிடைத்தால், முன்வரிசை நாற்காலிகளோடு நின்றுவிடாதீர்கள். பின்வரிசையில் நிற்பவர்கள் யாரென்று வயதானவர்களைக் கேளுங்கள். படத்தின் பின்புறம் அந்தப் பெயர்களை எழுதி வையுங்கள். 1871-ல் போலீஸ் பெயர் தேடியது வேட்டையாட; நாம் தேடுவது, அவர்கள் மறக்கப்படாமல் இருக்க.