திருவான்மியூருக்கு நேரா போகணும்

போன வாரம் எபிசோட் வரல. ஏன்னு கேட்டு மெசேஜ் போட்டவங்களுக்கு பதில்: டிரைவிங் டெஸ்ட். 28 வயசுல கார் ஓட்டக் கத்துக்கிறேன். பாஸா ஃபெயிலான்னு போகப் போக சொல்றேன்.

வாழ்க்கையை வண்டியோட ஒப்பிடாத ஆள் நம்ம ஊர்ல கிடையாது. ஆட்டோ பின்னாடி எழுதியிருப்பாங்க, ஃபேமிலி குரூப்ல குட் மார்னிங்கோட சேர்ந்து வரும். அதுல ரொம்ப ஓடுறது, "வாழ்க்கைக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது". எங்க சித்தப்பா இதை குரூப்ல போடாம எனக்குத் தனியா அனுப்பினார். யூ.பி.எஸ்.சி. படிப்பை விட்டுட்டு நான் திரும்ப ஐ.டி. வேலையில சேர்ந்த வாரம் அது. பூங்கொத்து படம் வேற.

புதுசா கேக்குறவங்களுக்காக சுருக்கமா சொல்லிடுறேன். இன்ஜினியரிங் முடிச்சு மூணு வருஷம் கோடிங். அப்புறம் வேலையை விட்டுட்டு அண்ணா நகர்ல ரூம் எடுத்து ரெண்டு வருஷம் படிச்சேன். ரெண்டு தடவை ப்ரிலிம்ஸ், ரெண்டும் போச்சு. இப்போ தரமணியில அதே மாதிரி ஒரு கட்டடம், அதே மாதிரி ஐடி கார்டு, அதே மாதிரி லிஃப்ட் க்யூ. என் கூட சேர்ந்தவன் இப்போ லீட். நான் அவனுக்கு கோட் ரிவ்யூவுக்கு அனுப்புறேன்.

சரி, கார். மாஸ்டர் காலையில ஆறு மணிக்கு வருவார். தரமணி உள்ரோடுகள் எல்-போர்டுக்கு ரொம்ப வசதி. பாலிடெக்னிக், ஃபிலிம் இன்ஸ்டிடியூட், கணித அறிவியல் நிறுவனம்னு ரெண்டு பக்கமும் பெரிய பெரிய காம்பவுண்டு, அந்த நேரத்துல வாக்கிங் போறவங்களும் நாய்களும்தான். ஸ்கூல் கார்ல மாஸ்டர் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். முதல் ஒரு வாரம் நான் பிரமாதமா ஓட்டுறேன்னு நினைச்சுட்டு இருந்தேன். கிளட்ச் விடும்போது வண்டி ஒரு தடவை கூட ஆஃப் ஆகல. எட்டாவது நாள் அவர் ரெண்டு காலையும் தூக்கி சீட் மேல சம்மணம் போட்டு உக்காந்துட்டார். "இப்போ எடுங்க தம்பி." அடுத்த அஞ்சு நிமிஷத்துல நாலு தடவை ஆஃப். அதுவரைக்கும் ஓட்டினது நான் இல்ல, அவர் கால்.

டெஸ்ட்ல ஃபெயில். எதுலன்னு நினைக்கிறீங்க? ரிவர்ஸ்ல. 'எச்' போடும்போது பின் டயர் கம்பியைத் தட்டிடுச்சு. அன்னிக்கு ராத்திரி கோபத்துல 1989ஆம் வருஷ மத்திய மோட்டார் வாகன விதிகளை எடுத்துப் படிச்சேன் (யூ.பி.எஸ்.சி. பழக்கம், போக மாட்டேங்குது). லைசென்ஸ் வேணும்னா என்னென்ன செஞ்சு காட்டணும்னு 15ஆவது விதியில பட்டியல் இருக்கு. அதுல வண்டியைப் பின்னாடி எடுக்கிறதும் ஒண்ணு. வாழ்க்கையில ரிவர்ஸ் இருக்கோ இல்லையோ, லைசென்ஸுக்கு இருந்தே ஆகணும். சித்தப்பாவுக்கு அதை ஃபார்வர்ட் பண்ணலாமான்னு யோசிச்சேன். பண்ணல. தோத்தா ஏழு நாள் கழிச்சு திரும்ப வரலாம். மூணு தடவை தோத்தாதான் 60 நாள் காத்திருக்கணும். ப்ரிலிம்ஸுக்கு ஒரு முழு வருஷம் காத்திருந்தவனுக்கு ஏழு நாள் எல்லாம் டீ பிரேக். ரெண்டாவது தடவை பாஸ்.

உண்மையில இன்னிக்குப் பேச வந்தது இது இல்ல. டைடல் பார்க் ஜங்ஷன்.

2000ல டைடல் பார்க் திறந்ததுல இருந்து அந்த இடம் நம்ம எல்லாருடைய பொறுமைக்கும் பரீட்சை. இடது பக்கம் ஓட்டுற ஊர்ல ரைட் டர்ன்தான் தலைவலி. எதிர்ல வர்ற வண்டிகளைக் குறுக்கே வெட்டணும். அதனால சிக்னல்ல அதுக்குன்னு தனி நேரம் வேணும், அந்த நேரம் முழுக்க மத்தவங்க நிக்கணும். இதுக்குத் தீர்வாதான் 2023 கடைசியில இந்திரா நகர்லயும், 2024 தொடக்கத்துல டைடல்லயும் 'யூ' வடிவ மேம்பாலம் திறந்தாங்க. பெருங்குடி பக்கத்துல இருந்து வர்றீங்க, திருவான்மியூர் போகணும். ஊர் உங்க வலது கைப் பக்கம் கண்ணு முன்னாடியே இருக்கு. ஆனா நீங்க திரும்பக் கூடாது. அதைத் தாண்டி நேரா இந்திரா நகர் வரைக்கும் போய், பாலத்துல ஏறி, வளைஞ்சு இறங்கி, வந்த திசையிலேயே திரும்பி வந்து லெஃப்ட் எடுக்கணும். அமெரிக்காவுல மிச்சிகன் மாநிலத்துல பல வருஷமா இதே வேலையைத் தரையிலேயே பண்றாங்க. அங்க வலது பக்கம் ஓட்டுறதால 'மிச்சிகன் லெஃப்ட்'னு பேரு.

மேப்ல பார்த்தா முட்டாள்தனமா தெரியும். போக வேண்டிய இடத்தை விட்டு விலகிப் போறோம், அப்புறம் பெட்ரோல் செலவு பண்ணித் திரும்பி வர்றோம். ஆனா லெஃப்ட் எடுத்து திருவான்மியூருக்குள்ள நுழையும்போது, அடையாறுல இருந்து நேரா வந்தவனும் நானும் ஒரே லேன்ல இருக்கோம். யார் சுத்தி வந்தாங்கன்னு பின்னாடி வர்ற பஸ்ஸுக்குத் தெரியாது.

இந்த வேலைக்கான இன்டர்வியூல அந்த ரெண்டு வருஷ இடைவெளியைப் பத்திக் கேட்டாங்க. எனக்கு வேர்த்துடுச்சு. படிச்சேன், கிடைக்கல, வந்துட்டேன்னு சொன்னேன். அவங்க தலையை ஆட்டிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டாங்க. அந்தக் கேள்விக்காக நான் மூணு ராத்திரி தூங்கல. ஆனா எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல மாட்டேன். ரெண்டு வருஷ சம்பளம் போனது போனதுதான், அப்பாவோட ஃபிக்ஸட் டெபாசிட் ஒண்ணு உடைஞ்சது உடைஞ்சதுதான். பாலம் சுத்துறதுக்கு டோல் இல்ல. எனக்கு இருந்துச்சு.

லைசென்ஸ் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, மருந்தீஸ்வரர் கோயிலுக்குப் போகணும்னு அப்பா சொன்னார். பழைய வண்டிதான். கண்ணு ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் ஓட்டுறதில்ல. பக்கத்து சீட்ல உக்காந்து வழி முழுக்க கால்ல தரையை அழுத்திக்கிட்டே வந்தார். அங்க பிரேக் இல்லைன்னு அவருக்குத் தெரியும்.

பெருங்குடி தாண்டினதும், "வயசு இருக்கு, அட்டெம்ப்ட்டும் இருக்கு. இன்னொரு தடவை எழுதிப் பார்க்கலாமே"ன்னார். நான் பதில் சொல்லல. கியர் மாத்துற சாக்குல தப்பிச்சேன்.

டைடல் வந்துச்சு. நான் நேரா போனேன்.

"டேய், திருவான்மியூர் ரைட்லடா. எங்க போற?"

"இப்படித்தான்பா போகணும் இப்போ. அங்க போய்த் திரும்பி வரணும்."

"யார் சொன்னா?"

"ரோடே அப்படித்தான்பா."

பாலத்துல ஏறினோம். வளைவுல ரெண்டாவது கியர், மாஸ்டர் சொன்ன மாதிரி. ஒரு பைக்காரர் ஹாரன் அடிச்சுக்கிட்டே இருந்தார், அடிக்கட்டும்னு விட்டுட்டேன். இறங்கி முடிச்சப்போதான் கவனிச்சேன், அப்பா கால் தரையை அழுத்தல. ஜன்னல் பக்கம் திரும்பி, டைடல் பார்க்கையே பார்த்துட்டு இருந்தார்.

"இதுக்குப் பக்கத்துலதான் உன் ஆபீஸா?"

"ஆமாம்பா. அந்தப் பக்கம் கொஞ்சம் உள்ள போகணும்."

"திரும்பி வரும்போது காட்டு"ன்னார்.