விறகுக் கொட்டகையில் ஒரு தாய்



பங்கு இல்லத்தின் பின்புறம் உள்ள விறகுக் கொட்டகையில் தெருப்பூனை ஒன்று மூன்று குட்டிகளை ஈன்றிருந்தது. கண் திறக்காத குட்டிகள். நாற்றம், சமையலறையில் மீன் திருட்டு என்று காரணங்கள் சொல்லி, குட்டிகளைச் சாக்கில் போட்டுச் சந்தைப் பக்கம் விட்டுவிட்டோம்.

அன்றிரவு செபமாலைக்கு உட்கார்ந்தால், தாய்ப்பூனை கொட்டகையைச் சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. இரண்டாம் மறையுண்மையைத் தாண்ட முடியவில்லை. டார்ச் விளக்கோடு சந்தைக்கு ஓடினோம். இரண்டு குட்டிகள்தான் கிடைத்தன.

நினிவே நகரின் மக்களுக்காக மட்டுமல்ல, அங்கிருந்த விலங்குகளுக்காகவும் இரங்கியவர் நம் கடவுள். யோனா நூல் முடிவதே அந்த விலங்குகளைப் பற்றிய பேச்சோடுதான். விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே எதிரானது என்கிறது திருச்சபையின் மறைக்கல்வி, எண் 2418. இதை மறைக்கல்வி வகுப்பில் நடத்தியவர்களும் நாமே!

குட்டிகளுக்குப் பசும்பால் ஊற்றப் போனோம். வயிற்றுப்போக்கு வரும் என்று கால்நடை மருத்துவர் தடுத்தார். தாய்க்கு மீனும் சோறும் தண்ணீரும் வைத்தால் போதுமாம், மற்றதை அதுவே பார்த்துக்கொள்ளும். பால் கொடுக்கும்போதே பூனை மறுபடி சினையாகிவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார். ஆகவே குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை செய்ய ஏற்பாடாகிவிட்டது. இரண்டு குட்டிகளையும் வளர்க்க நம் அன்பியத்திலேயே இரு குடும்பங்கள் கேட்டிருக்கின்றன.

தாய்ப்பூனை மட்டும் இன்னும் மாலையானால் கேட்டருகே போய்ச் சாலையைப் பார்த்து நிற்கிறது.