விளக்கும் கணக்கு நோட்டும்

(பழைய மாணவியர் சந்திப்பில் ஆற்றிய உரை)



மேடை ஏறினால் பெருமை பேசுவதுதான் வழக்கம். நான் ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறேன்.

இறுதியாண்டில் எங்களுக்கு ஆராய்ச்சி ப்ராஜெக்ட். நோயாளிகளிடம் கேள்வித்தாள் நிரப்பி வாங்க வேண்டும். "ஊசி போடவும் கட்டுப் போடவும் வந்த நமக்கு இதெல்லாம் எதுக்குடி?" என்று அலுத்துக்கொண்டோம். கடைசி நாளில் பத்துத் தாள் குறைந்தது. ஹாஸ்டலில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். மார்க்கும் நல்லாவே வந்தது. ஆனால் அந்தப் பத்து நோயாளிகளும் இந்த உலகத்தில் பிறக்கவே இல்லை!

பல வருடங்களுக்குப் பின் நான் வார்டு பொறுப்பில் இருந்தபோது, படுக்கைப் புண்ணோடு கிடந்த ஒரு பாட்டியின் மகன் கேட்டார்: "சிஸ்டர், இங்க வந்தப்புறம்தான் புண்ணு வந்துச்சு. எத்தனை பேருக்கு இப்படி வருது?"

பதில் சொல்ல என்னிடம் கணக்கு இல்லை. அன்றிரவே ஒரு நோட்டில் கோடு போட்டேன். யாருக்குப் புண், எந்த இடத்தில், எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தோம் என்று எழுதி வந்தோம். இரவு ட்யூட்டியில்தான் இடைவெளி நீள்கிறது என்று நோட்டே காட்டிக் கொடுத்தது. முறை போட்டுக்கொண்டோம். புதிய புண்கள் குறைந்ததையும் அதே நோட்டுதான் சொன்னது. ஆராய்ச்சி என்று நான் பயந்து ஓடியது இதைக் கண்டுதானா?

நைட்டிங்கேல் அம்மையாரை நினைத்து விளக்கேற்றுகிறோம். 1854-இல் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்குப் போனவர், போர் முடிந்து திரும்பியதும் வில்லியம் ஃபார் என்ற புள்ளியியல் அறிஞரின் துணையோடு இறப்புக் கணக்கைப் பிரித்துப் பார்த்தார். காயத்தால் மாண்ட வீரர்களைவிட நோயால் மாண்டவர்களே மிக அதிகம் என்பதை 1858-இல் வட்ட வடிவப் படமாகவே வரைந்து காட்டினார். அதே ஆண்டில் லண்டன் புள்ளியியல் சங்கம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. நாமோ விளக்கை எடுத்துக்கொண்டு கணக்கு நோட்டை விட்டுவிட்டோம்.

தங்கைகளே, உங்கள் ப்ராஜெக்ட்டில் பத்துத் தாள் குறைந்தால் குறையட்டும். "இவ்வளவுதான் கிடைச்சது மேடம்" என்று உள்ளதை எழுதுங்கள். அந்தக் குறைந்த கணக்கு ஒரு நோயாளிக்காவது உதவும். என்னுடைய நிறைந்த கணக்கு யாருக்கும் உதவவில்லை.